நெடுந்தொலைவுக் கார்ப் பயணம்: வழியில் பழுது வராமல் காக்கவும், வந்தால் சமாளிக்கவும்

தினமும் 20 கிலோமீட்டர் ஓடித் திரும்பும் கார் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது என்பதை வைத்து, அதே கார் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு 3000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும் என்று முடிவு செய்துவிடக் கூடாது. குறுகிய ஓட்டத்தில் எஞ்சின் முழுச் சூட்டை எட்டிய சிறிது நேரத்திலேயே அணைக்கப்பட்டுவிடுகிறது. டயரின் உள்ளடுக்குகளில் வெப்பம் ஏறுவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. பேட்டரி தளர்ந்திருந்தாலும் மறுநாள் காலை எப்படியோ ஒருமுறை எஞ்சினைச் சுழற்றிவிடுகிறது. கடும் வெயிலில், முழுச் சுமையுடன், நான்கு மணி நேரம் ஒரே மூச்சாக ஓடும்போதுதான் மெலிந்துபோன ரப்பர் குழாயும் வயதான டயரும் தம் உண்மை நிலையைக் காட்டுகின்றன.

பல ஆண்டுகளாக நெடுந்தொலைவு ஓட்டிவருகிறேன். நடுவழியில் வண்டியை முடக்கிவிடும் பழுதுகளில் பெரும்பாலானவை முன்னதாகவே ஓர் அறிகுறியைக் காட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். புதிதாக ஒரு வாசனை வந்திருக்கும், ஸ்டீரிங்கில் ஒரு நடுக்கம் இருந்திருக்கும், அல்லது காலையில் ஸ்டார்ட் ஆக ஒரு நொடி கூடுதலாகப் பிடித்திருக்கும். அந்த அறிகுறி தோன்றியதற்கும் ஓட்டுநர் வண்டியை நிறுத்தியதற்கும் இடையில் கழிந்த நிமிடங்கள்தான், சிறு செலவில் தீரவேண்டிய பழுதை எஞ்சினையே பிரிக்க வேண்டிய பழுதாக வளர்த்துவிடுகின்றன. ஆகவே இங்கே சொல்லப்போகும் எல்லாவற்றிலும், தாமதிக்காமல் நிறுத்துங்கள் என்பதையே நான் திரும்பத் திரும்ப வற்புறுத்துவேன்.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு

பலரும் பயணத்துக்கு முந்தைய நாள் வண்டியைச் சர்வீஸுக்கு விடுகிறார்கள். அது நல்ல வழக்கம் அன்று. சர்வீஸில் கழற்றி மாட்டிய ஒரு குழாயின் கிளிப் சரியாக இறுகாமல் போயிருக்கலாம். புதிதாகப் போட்ட பாகம் சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம். ஆயில் ஃபில்டரின் ஓரத்தில் மெல்லிய கசிவு இருக்கலாம். இவை எல்லாம் முதல் 100, 200 கிலோமீட்டருக்குள் தெரிந்துவிடும். ஆகவே இரண்டு வாரம் முன்னதாகவே சர்வீஸை முடித்து, அதன்பின் வழக்கம்போல் ஓட்டிப் பார்த்து, வண்டி நின்ற இடத்தில் தரையில் ஏதேனும் சொட்டியிருக்கிறதா என்று காலைதோறும் குனிந்து பார்த்துவிட்டுப் புறப்படுவதே பாதுகாப்பானது.

முதலில் டயரைப் பாருங்கள். பார்வைக்குப் புதிதாகத் தெரியும் டயரும் வயதானதாக இருக்கலாம், ஏனென்றால் ரப்பர் ஓடாமல் இருந்தாலும் முதுமை அடையும். டயரின் பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற ஆங்கில எழுத்துகளுடன் தொடங்கும் குறியீட்டின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் அது தயாரிக்கப்பட்டது என்று பொருள். ஐந்து ஆண்டுகள் ஆன டயரை ஆண்டுக்கு ஒருமுறையாவது தேர்ந்தவரிடம் காட்ட வேண்டும். பத்து ஆண்டுகளைத் தாண்டியதை, ஓடுபரப்பில் உள்ள பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். டிக்கியில் தூங்கும் ஸ்டெப்னிக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும். பல வண்டிகளில் நான்கு டயர்களும் இருமுறை மாற்றப்பட்டிருக்க, ஸ்டெப்னி மட்டும் வண்டி வாங்கிய நாளிலிருந்து அப்படியே கிடக்கும். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது பல நாடுகளின் சட்டம். அந்த அளவைக் காட்டும் சிறு மேடுகள் பள்ளங்களுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கும். தேய்ந்த பரப்பு அவற்றோடு சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது. மழைக்காலப் பயணம் என்றால் நான் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவேன்.

காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது வண்டி மூன்று மணி நேரமாவது நின்றபின், அளக்க வேண்டும். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவின் சட்டத்திலோ எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ ஒட்டப்பட்டிருக்கும். பயணிகளும் மூட்டைகளும் நிறைந்த வண்டிக்குத் தனி அளவு அங்கேயே இருக்கும். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம், நாம் நிரப்ப வேண்டிய அளவு அன்று. ஓடும்போது வெப்பத்தால் அழுத்தம் 4 முதல் 6 பிஎஸ்ஐ வரை கூடுவது இயல்பு. இடைவழியில் அளந்து பார்த்து, அதிகமாகிவிட்டதே என்று காற்றைத் திறந்துவிடுபவர்கள் உண்டு. மறுநாள் காலை அந்த டயர் காற்றுக் குறைவாக நிற்கும். காற்றுக் குறைந்த டயர்தான் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி, முழு வேகத்தில் வெடிக்கிறது.

அடுத்தது குளிர்விக்கும் அமைப்பு. எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது, அதைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். துருநிறமாகவோ எண்ணெய் மிதப்பாகவோ இருந்தால் அந்த வண்டியை நெடும்பயணத்துக்கு எடுக்காதீர்கள். ரேடியேட்டரின் மேல்குழாயையும் கீழ்க்குழாயையும் விரல்களால் அமுக்கிப் பார்க்க வேண்டும். நல்ல குழாய் இறுக்கமாகவும் சீராகவும் இருக்கும். பஞ்சு போல் நசுங்கினாலோ, அமுக்கும்போது நொறுங்கும் ஓசை கேட்டாலோ, கிளிப்பை ஒட்டிய இடம் புடைத்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. சரிபாதி கூலன்ட் கலந்த நீர், 1 பார் அழுத்தம் தாங்கும் மூடியின் கீழ் ஏறத்தாழ 129 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும்; அதே மூடியின் கீழ் வெறும் நீர் 120 பாகையிலேயே கொதித்துவிடும். மலையேற்றத்தில் அந்த ஒன்பது பாகை பெரிய வித்தியாசம். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது. கூலன்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயன் குறைந்துவிடும்.

பேட்டரியை ஒரு சாதாரண மல்டிமீட்டர் கொண்டு நீங்களே சோதிக்கலாம். இரவு முழுவதும் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு மின்னேற்றம், 12.4 என்றால் முக்கால் பங்கு; 12.0 என்றால் கிட்டத்தட்ட தீர்ந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது 13.5க்கும் 14.7க்கும் இடையில் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் குறை பேட்டரியில் இல்லை, அதற்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரிலோ அதைச் சுழற்றும் பெல்ட்டிலோ இருக்கிறது. பெல்ட்டில் குறுக்கு வெடிப்புகளும் ஓரத்தில் நூல் பிரிதலும் இருந்தால் மாற்றிவிட வேண்டும். பெல்ட் அறுந்தால் பேட்டரி மின்னேற்றம் நிற்பதோடு, பல வண்டிகளில் தண்ணீர்ப் பம்ப்பும் கூடவே நின்றுவிடும்.

பிரேக் ஆயிலைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை, ஏனென்றால் அதை மாற்ற வேண்டும் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 வகைக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை, புதியதாக இருக்கையில் 230 பாகை. ஈரம் ஏறியபின் 155 பாகை. நீண்ட மலையிறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்த ஈரம் ஆவியாகிக் குமிழிகள் தோன்றும். குமிழி நசுங்குமே ஒழிய அழுத்தத்தைக் கடத்தாது என்பதால், பெடல் அடிவரை போயும் வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுவதும், இறக்கத்தில் தாழ்ந்த கியரில் இறங்குவதும் இதைத் தவிர்க்கும்.

வாசலிலேயே ஓர் ஒத்திகை

புறப்படும் முன் ஒருநாள் உங்கள் வீட்டு வாசலில், பகல் வெளிச்சத்தில், ஒரு சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டிப் பாருங்கள். இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். ஒரு பயணத்தில் இரவு பதினொரு மணிக்குப் பின்பக்க டயர் பஞ்சர் ஆனது. ஜாக்கி இருந்தது, ஸ்டெப்னியில் காற்று இருந்தது, டார்ச் இருந்தது. ஆனால் வண்டியோடு வந்த ஸ்பேனரைப் போட்டு எவ்வளவு அழுத்தியும் ஒரு நட்டுகூட அசையவில்லை. முந்தைய வாரம் ஒரு டயர்க் கடையில் காற்றழுத்தக் கருவியால் நட்டுகளை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தார்கள். ஸ்பேனரின் கைப்பிடி மேல் ஏறி நின்று, காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு, உடல் எடை முழுவதையும் மெதுவாகக் கொடுத்தபோது முதல் நட்டு வெடி போல் ஓர் ஓசையுடன் இளகியது. ஐந்தாவது நட்டை இளக்கி முடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. வாசலில் ஒருமுறை கழற்றிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். பெரும்பாலான கார்களுக்கு நட்டுகளை 90 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கினால் போதும். சரியான அளவு கையேட்டில் இருக்கும். அந்த இரவுக்குப் பின் நீண்ட கைப்பிடி கொண்ட ஒரு ஸ்பேனரைத் தனியாக வாங்கி வைத்திருக்கிறேன்.

ஒத்திகையில் வேறு சிலவும் வெளிப்படும். சில வண்டிகளில் ஒரு நட்டுக்கு மட்டும் திருட்டைத் தடுக்கத் தனிச் சாவி வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று தேடவேண்டியிருக்கும். சில புதிய வண்டிகளில் ஸ்டெப்னியே இல்லை என்பதும், அதற்குப் பதிலாக ஒரு பசைக் குப்பியும் சிறு காற்றுப் பம்ப்பும் மட்டுமே இருக்கின்றன என்பதும் டிக்கியின் அடித்தளத்தைத் தூக்கிப் பார்க்கும்போதுதான் பலருக்குத் தெரிகிறது. அந்தப் பசை சிறு ஆணித்துளையை அடைக்கும். கிழிந்த பக்கச்சுவருக்கு அது உதவாது.

டிக்கியில் என்ன வைப்பது என்பதற்கு நான் பெரிய பட்டியல் தரமாட்டேன். ஜாக்கி, நீண்ட ஸ்பேனர், 12 வோல்ட் காற்றுப் பம்ப், அழுத்தமானி, தடித்த ஜம்ப்பர் கேபிள் அல்லது கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர், தலையில் மாட்டும் டார்ச், ஒளி எதிரொலிக்கும் மேலாடை, எச்சரிக்கை முக்கோணம், கூலன்ட் ஒரு லிட்டர், உங்கள் எஞ்சினுக்கு உரிய ஆயில் ஒரு லிட்டர், குடிப்பதற்கு வேண்டியதைவிடக் கூடுதலாக ஐந்து லிட்டர் தண்ணீர், சில பியூஸ்கள், கனத்த கையுறை, தானே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கோன் டேப் ஆகியவை போதும். மெல்லிய மலிவான ஜம்ப்பர் கேபிளை வாங்காதீர்கள். எஞ்சினைச் சுழற்றும் அளவுக்கு மின்சாரம் அதன் வழியே போகாது, கேபிள்தான் சூடாகும். இவை எல்லாவற்றையும் பெட்டிகளுக்கு மேலே வையுங்கள். மழையில், இருட்டில், சாலையோரத்தில் மொத்த மூட்டைகளையும் இறக்கி வைத்துவிட்டு ஜாக்கியைத் தேடும் நிலை வரக் கூடாது.

ஆள் நடமாட்டமில்லாத நீண்ட பகுதிகளைக் கடக்க வேண்டியிருந்தால், அந்தப் பகுதியின் வரைபடத்தைக் கைபேசியில் முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். கைபேசிக் கோபுரத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் இயங்கும்; நீங்கள் நிற்கும் இடத்தை எண்களாகப் படித்துச் சொல்ல முடியும். எரிபொருளைப் பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் நிரப்பிக்கொள்வது நல்லது. டீசல் வண்டி தொட்டி வற்றி நின்றால் குழாய்களில் காற்றுப் புகுந்துகொள்ளும். டீசலை ஊற்றினாலும் அந்தக் காற்றை வெளியேற்றும்வரை அது ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.

வண்டி சொல்வதைக் கேட்பது

ஒருமுறை என் அக்காள் மகனோடு போய்க்கொண்டிருந்தேன். நண்பகல், ஏறுமுகமான சாலை. அவன் கண்ணாடியை இறக்கிவிட்டு, "மாமா, ஏதோ இனிப்பா வாசனை வருதே, உங்களுக்கு வரலையா?" என்றான். எனக்கும் வந்தது. வெப்பமானி நடுவில்தான் இருந்தது; அடுத்த ஊர் 20 கிலோமீட்டரில் இருந்தது; அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு ஓட்டினேன். அந்த இனிப்பு மணம் சூடான எஞ்சின் மேல் கசியும் கூலன்ட்டின் மணம் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. பன்னிரண்டு கிலோமீட்டரில் முள் சிவப்புக்குப் போனது. பானெட்டின் ஓரங்களிலிருந்து ஆவி எழுந்தது. மேல்குழாயில் விரல் நகம் அளவுக்கு ஒரு வெடிப்பு. அவன் சொன்ன இடத்திலேயே நிறுத்தியிருந்தால் ஒரு குழாயோடு போயிருக்கும்; நான் ஓட்டிய அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரில் எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் போய்விட்டது. இருவரும் மூன்று நாள் அங்கேயே தங்க நேர்ந்தது.

ஆகவே பக்கத்தில் இருப்பவர் மூக்கையும் காதையும் மதியுங்கள். எரிந்த ரப்பர் நாற்றம் பெல்ட் நழுவுவதையோ, கழன்ற குழாய் சூடான பாகத்தில் உரசுவதையோ குறிக்கும். காகிதம் கருகுவது போன்ற காரமான நாற்றம் கிளட்ச்சிலிருந்தோ பிரேக்கிலிருந்தோ வரும். அப்போது வண்டியை நிறுத்திச் சக்கரங்களின் அருகே உள்ளங்கையைத் தொடாமல் காட்டிப் பாருங்கள்; ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அனல் அடித்தால் அந்தப் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் வாசனை வந்தால் உடனே எஞ்சினை அணைத்துவிட்டு அனைவரும் இறங்கிவிட வேண்டும். வேகத்தோடு கூடும் முனகல் ஒலி, வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் மாறினால், சக்கர பேரிங் தேய்ந்திருக்கிறது. மெதுவாகப் போய் அருகிலுள்ள மெக்கானிக்கிடம் காட்டலாம், ஆனால் அதை வைத்துக்கொண்டு இன்னும் ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டக் கூடாது. ஸ்டீரிங் நடுக்கம் திடீரென்று தோன்றி வளர்ந்துகொண்டே போனால், நட்டு இளகியிருக்கலாம் அல்லது டயரின் உள்ளடுக்கு பிரிந்திருக்கலாம். அதற்கு உடனே நிறுத்த வேண்டும்.

எச்சரிக்கை விளக்குகளின் நிறத்தை நினைவில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. சிவப்பு என்றால் நிறுத்த வேண்டும். மஞ்சள் என்றால் கவனிக்க வேண்டும். சிவப்பிலும் ஆயில் விளக்குக்கு ஒரு நிமிடம்கூட அவகாசம் கிடையாது. ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓடும் எஞ்சினில் உலோகம் உலோகத்தோடு உரசும். சில நிமிடங்களில் பேரிங்குகள் அழிந்துவிடும். நிறுத்தி, ஐந்து பத்து நிமிடம் கழித்து அளவுக் குச்சியை இழுத்துப் பாருங்கள். பல கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையிலான அளவு ஏறத்தாழ ஒரு லிட்டர். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் ஊற்றிவிட்டுப் பார்க்கலாம். அளவு சரியாக இருந்தும் விளக்கு அணையவில்லை என்றால் அந்த எஞ்சினை மறுபடி இயக்காதீர்கள். சிவப்புப் பேட்டரி விளக்கு மின்னேற்றம் நின்றதைச் சொல்கிறது. வெப்பமானி ஏறவில்லை, ஸ்டீரிங் கனக்கவில்லை என்றால் பெல்ட் அறுபடவில்லை என்று கொள்ளலாம். ஏசி, விசிறி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பகலாக இருந்தால், பேட்டரியில் இருப்பதைக் கொண்டு அரை மணி நேரம்போல ஓட்ட முடியும். இடையில் எஞ்சினை மட்டும் அணைத்துவிடக் கூடாது; மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

மஞ்சள் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்து, வண்டி இயல்பாக ஓடினால், பதறாமல் அடுத்த ஊர்வரை போகலாம். விட்டு விட்டு எரிந்தால் அது வேறு. எஞ்சின் மிஸ் அடிக்கிறது, அதாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாகப் பற்றவில்லை, எரியாத பெட்ரோல் புகைப்போக்கியில் உள்ள, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிந்து அதை அழிக்கிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து, விரைவில் நிறுத்த வேண்டும். ஸ்டீரிங்கின் கீழே உள்ள சோதனைத் துளையில் செருகும் சிறு கருவி ஒன்று வைத்திருந்தால், கைபேசியிலேயே பழுதுக் குறியீட்டைப் படிக்கலாம். பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மிஸ் ஆகிறது. பி0301 என்றால் முதல் சிலிண்டரில். முன்பின் தெரியாத பட்டறையில் நிற்கும்போது இந்தக் குறியீடு உங்கள் கையில் இருப்பது பேச்சையே மாற்றும்.

எங்கே, எப்படி நிறுத்துவது

ஓடும் வண்டியில் எஞ்சின் அணைந்துவிட்டால், ஸ்டீரிங் கனத்துப்போகும், ஆனால் திரும்பும். பிரேக்கின் உதவி ஒன்றிரண்டு மிதிகளுக்கு மட்டுமே மிச்சமிருக்கும் என்பதால், விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி நிறுத்துங்கள். சாவியை முழுவதும் அணைத்து எடுத்துவிடாதீர்கள், ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளும். டயர் வெடித்தால் பிரேக்கைத் தொடாமல், ஸ்டீரிங்கை இரு கைகளாலும் நேராகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வண்டி தானாக வேகம் குறைந்தபின் ஓரம் கட்ட வேண்டும்.

வளைவுக்கு அப்பாலும் மேட்டின் மறுபக்கத்திலும் நிறுத்தாதீர்கள். பஞ்சரான டயர் கெட்டுப்போனாலும் பரவாயில்லை, இன்னும் 300 மீட்டர் ஊர்ந்து போய்ச் சமமான, கெட்டியான, அகலமான ஓரத்தில் நிறுத்துங்கள், டயரை வாங்கிக்கொள்ளலாம். 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 28 மீட்டரைக் கடக்கிறது. பின்னால் வருபவர் கண்டு, உணர்ந்து, பிரேக் போட்டு நிற்க 100 மீட்டருக்கு மேல் வேண்டும். ஹசார்ட் விளக்கைப் போட்டு, போக்குவரத்து இல்லாத பக்கக் கதவு வழியாக அனைவரும் இறங்கி, தடுப்பு இருந்தால் அதற்கு அப்பால், வண்டிக்கு முன்னால் இல்லாமல் சற்றுத் தள்ளி நிற்க வேண்டும். மோதப்படும் கார் முன்னோக்கித்தான் தள்ளப்படும். முக்கோணத்தை வேகச் சாலையில் 100 மீட்டருக்குக் குறையாமல் பின்னால் வையுங்கள். ஆனால் சில நாடுகளில் அதிவேகச் சாலைகளில் முக்கோணமே வைக்க வேண்டாம் என்கிறார்கள், ஏனென்றால் அதை வைக்க நடந்து போவதே உயிருக்கு ஆபத்து. ஆபத்தான இடத்தில் நின்றுவிட்டால், 112 என்ற எண் உலகின் பல நாடுகளில் கைபேசியிலிருந்து அவசர உதவிக்கு இணைப்புத் தரும்.

சூடேறிய எஞ்சின்

முள் ஏறத் தொடங்குகிறது, இன்னும் சிவப்பைத் தொடவில்லை, நிறுத்த இடம் இல்லை என்றால், ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டிலும் முழு விசிறியிலும் வையுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் ஹீட்டரும் ஒரு சிறு ரேடியேட்டர்தான், எஞ்சினின் வெப்பத்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்ளும். அந்த ஹீட்டரிலிருந்து சூட்டுக்குப் பதிலாகக் குளிர்ந்த காற்று வந்தால், கூலன்ட் முழுவதும் வெளியேறிவிட்டது என்று பொருள். அப்போது முள் காட்டுவதை நம்பவே கூடாது, ஏனென்றால் சென்ஸார் திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். உடனே அணைத்துவிடுங்கள்.

நின்றபின் பானெட்டைத் திறப்பதில் அவசரம் வேண்டாம். ஆவி வந்துகொண்டிருந்தால் அது அடங்கட்டும். ரேடியேட்டர் மூடியை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் தொடக் கூடாது. மேல்குழாயைக் கையால் பிடிக்க முடியும் அளவுக்கு ஆறிய பிறகே, தடித்த துணியை மடித்துப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மெல்லத் திருக வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 பாகைக்கு மேல் சூடாக இருந்தும் கொதிக்காமல் காத்திருக்கும். மூடி திறந்த கணத்தில் மொத்தமும் கொதித்துப் பீறிடும். சூடான எஞ்சின் மேலோ வெற்று ரேடியேட்டருக்குள்ளோ குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடலாம்.

ஆறியபின் கசிவு எங்கே என்று தேடுங்கள். குழாயில் வெடிப்பு என்றால், அந்த இடத்தை நன்றாக உலரத் துடைத்து, சிலிக்கோன் டேப்பை இழுத்து இழுத்து, ஒரு சுற்றின் பாதி மேல் அடுத்த சுற்று ஏறும்படி, வெடிப்பின் இரு புறமும் நான்கு விரற்கடை தாண்டும்வரை சுற்றுங்கள். கூலன்ட் தீர்ந்துவிட்டால் தண்ணீர் ஊற்றலாம். ஊர் போய்ச் சேர்ந்ததும் மாற்றிக்கொள்ளலாம். பிறகு மிதமான வேகத்தில், ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்திப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். கசிவு எதுவும் கண்ணுக்குத் தெரியாமல், ஆனால் கூலன்ட் குறைந்து, புகைப்போக்கியில் வெண்புகை தொடர்ந்து வந்தால், கேஸ்கட் போயிருக்கிறது. அந்த வண்டியை ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

டயரும் பேட்டரியும்

சக்கரத்தை மாற்றுவதில் வரிசைதான் முக்கியம். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, முதல் கியரிலோ பார்க்கிலோ வைத்து, எதிர்மூலைச் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று இளக்கிவிட்டு, அதன்பின்தான் ஜாக்கியால் தூக்க வேண்டும். தூக்கிய வண்டியின் அடியில் உடலின் எந்தப் பகுதியும் போகக் கூடாது. சக்கரம் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால், உட்கார்ந்தபடி டயரின் பக்கத்தை உள்ளங்காலால் மாறி மாறி உதைத்தால் விட்டுவிடும். ஸ்டெப்னியை மாட்டியபின் நட்டுகளை நட்சத்திர வடிவில், ஒன்று விட்டு ஒன்றாக இறுக்கி, இறக்கியபின் மறுபடி முழுவதும் இறுக்க வேண்டும். மெலிந்த தற்காலிக ஸ்டெப்னி என்றால் வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அதற்கு வழக்கமாக 60 பிஎஸ்ஐ காற்று வேண்டும். மற்ற டயர்களைப் போல் 33 வைத்தால் நசுங்கும். பஞ்சர் ஒட்டும்போது, ஓடுபரப்பில் 6 மில்லிமீட்டருக்கு உட்பட்ட துளையை மட்டுமே ஒட்ட வேண்டும். பக்கச்சுவரில் ஒட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

பேட்டரி இறங்கிவிட்டால் அறிகுறி தெளிவானது: சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று விரைந்து தட்டும், உள்விளக்கு மங்கும். ஜம்ப் கொடுக்கும்போது இரு வண்டிகளும் ஒன்றையொன்று தொடாமல் நிற்க வேண்டும். சிவப்புக் கேபிளை முதலில் இறங்கிய பேட்டரியின் நேர்முனையிலும், பிறகு நல்ல பேட்டரியின் நேர்முனையிலும் மாட்டுங்கள். கறுப்பை நல்ல பேட்டரியின் எதிர்முனையிலும், கடைசி முனையை இறங்கிய வண்டியின் எஞ்சினில் பூச்சு இல்லாத ஓர் உலோகப் பகுதியிலும் மாட்டுங்கள். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியக்கூடும் என்பதால்தான் அந்தப் பொறி பேட்டரியிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். நல்ல வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டு மற்றதை ஸ்டார்ட் செய்து, மாட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் கழற்றுங்கள். எதுவுமே தட்டவில்லை, விளக்கும் எரியவில்லை என்றால், கேபிளை எடுக்கும் முன் பேட்டரி முனைகளைக் கையால் அசைத்துப் பாருங்கள். வெண்பொடி பூத்து இளகிய முனையை இறுக்கியதோடு பயணம் தொடர்ந்ததும் எனக்கு நடந்திருக்கிறது.

ஒரே ஒரு சாதனம் மட்டும் நின்றுபோனால், வைப்பர் ஆனாலும் ஹாரன் ஆனாலும், பியூஸைப் பாருங்கள். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. போன நிறத்துக்கு அதே நிறம்தான் போட வேண்டும். பெரியதைப் போட்டால் அடுத்தது எரிவது ஒயர்.

இழுத்துச் செல்லும்போதும், பட்டறையிலும்

தவறான எரிபொருளை நிரப்பிவிட்டால் சாவியைத் திருப்பவே வேண்டாம். பிரேக் பெடல் மெத்தென்று இறங்கினால், ஸ்டீரிங்கில் ஆட்டம் தெரிந்தால், கேஸ்கட் போயிருந்தால், ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியையும் மின்சார வண்டியையும் உந்து சக்கரங்கள் தரையில் உருளும்படி இழுத்தால் கியர்பெட்டியோ மோட்டாரோ கெட்டுவிடும் என்பதால், தட்டையான மேடை கொண்ட ரெக்கவரி வண்டியையே கேளுங்கள். அழைக்கும்போதே வண்டியின் வகை, எந்தச் சக்கரங்கள் உந்துபவை, எந்தத் திசைச் சாலையில் நிற்கிறீர்கள், எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்பவற்றைச் சொல்லிவிட்டால் வரும் வண்டி சரியானதாக வரும்.

தெரியாத ஊர்ப் பட்டறையில் என்ன பாகத்தை மாற்ற வேண்டும் என்று நீங்கள் சொல்லாதீர்கள். என்ன நடந்தது என்பதைச் சொல்லுங்கள். எப்போது, எந்த வேகத்தில், ஏற்றத்திலா இறக்கத்திலா, சூடாக இருக்கும்போதா என்ற விவரங்கள் ஒரு நல்ல மெக்கானிக்குக் கருவிகளைவிட உதவும். வேலை தொடங்கும் முன் செலவைக் கேட்டு எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். இரவாகிவிட்டால் தங்கிவிடுங்கள். பகலெல்லாம் வெயிலில் பழுதோடு போராடியவர் இழந்த நேரத்தை ஈடுகட்ட இரவில் ஓட்டுவது, அந்தப் பழுதைவிட ஆபத்தானது. பழுது இல்லாத நாளிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிக் கால் மணி நேரம் ஓய்வெடுப்பதை நான் விடுவதில்லை. பயணத் திட்டத்திலேயே ஒரு நாளைச் சும்மா விட்டு வைத்தால் இந்தப் பதற்றம் வராது.

பழுது பார்த்துப் புறப்பட்டபின், முதல் 50 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்துங்கள். சக்கரம் கழற்றப்பட்டிருந்தால் நட்டுகளை ஸ்பேனரால் மறுபடி இறுக்கிப் பாருங்கள். ஒன்றிரண்டு சற்றே இளகியிருக்கலாம். பானெட்டைத் திறந்து புதிய குழாயின் கிளிப்பைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்து, ஈரம் இல்லை என்றால் ஓட்டுங்கள். மறுநாள் காலை, எஞ்சினைத் தொடும் முன், ஆறிய தொட்டியில் கூலன்ட் நேற்றைய கோட்டிலேயே நிற்கிறதா என்று பாருங்கள்.